வராதவர்களைத் தேடிய செல்வமேரி

“சார், பரீட்சைக்கே வராத பையனுக்கு நீங்க என்ன மார்க் போடுவீங்க?”

கீரனூரிலிருந்து திருச்சி போகும் பேருந்தில் செல்வமேரி என்னிடம் கேட்ட கேள்வி இது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரிடம் யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான். நானும் சாதாரணமாகவே பதில் சொன்னேன். அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் குரலும் உயிரும் இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன வாரம் ஒரு காலையில் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது செல்வமேரியின் கணவர் அந்தோணி போன் செய்தார். “நல்லா இருக்கீங்களா அந்தோணி?” என்றேன். “நல்லா இருக்கேன் சார். வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?” என்றார். “இருக்கா” என்றேன். அதற்குப் பிறகுதான், “மேரி போயிருச்சு சார்” என்றார். விடிந்ததும் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. வேலைக்குப் போகக் கட்டி வைத்த சாப்பாட்டு டப்பா மேசை மேலேயே இருந்ததாம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் போனில் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். திருச்சியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அதன் பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரித்து எழுதி வைக்கும் வேலை அவருக்கு. பிறந்தது ஆலங்குடிக்குப் பக்கத்து ஊர். கல்யாணமாகிக் கீரனூருக்கு வந்தவர். இருபது வருடத்துக்கு மேல் தினமும் அதே பேருந்தில்தான் போய்வந்தார். ஒரு நாள்கூட நேரத்துக்கு நிறுத்தத்துக்கு வந்ததில்லை. தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார். “வாங்க மேடம், மெதுவா வாங்க, டிரைவர் டீ குடிக்கிறாரு” என்று நடத்துநர் பொய் சொல்லி வண்டியை நிறுத்தி வைப்பார்.

அவரை நான் அறிந்தது, நான் நோயாளியாக இருந்தபோதுதான். எனக்குத் தொண்டையில் கட்டி. கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சை என்று புத்தகத்தில் எழுதுகிறோம். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது கரண்டு என்றுதான். முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்துச் செய்த வலை போன்ற ஒரு முகமூடியைப் போட்டு, அசையாமல் மேசையோடு பூட்டிவிடுவார்கள். சில நிமிட வேலை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், ஏழு வாரம், விடாமல் போக வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பேருந்தில் என் கழுத்துத் துண்டைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எத்தன கரண்டு முடிஞ்சிருக்கு சார்?”

“பதினொண்ணு.”

“இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“நல்லாத்தான் சாப்பிட்டேன்.”

“நல்லாங்கிற பலகாரம் எங்க வீட்டுல செய்யிறதில்ல சார். என்ன சாப்பிட்டீங்க?”

முப்பது வருடம் மாணவர்களை மடக்கியவன் அன்று மடங்கினேன். அரை டம்ளர் கஞ்சி, அதிலும் பாதியைக் கீழே ஊற்றிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்று மத்தியானமே உணவு ஆலோசகர் என்னைத் தேடி வந்தார். எடை இறங்க விட்டால் சிகிச்சையும் தடுமாறும் என்று எனக்குப் புரிய வைத்தார்கள். சிகிச்சை முடிந்து இன்று நான் எட்டாவது வருடத்தில் இருக்கிறேன்.

சிகிச்சை முடிந்து சில வருடம் கழித்து, வழக்கமான பரிசோதனைக்குப் போன ஒரு நாளில்தான் அந்தப் பரீட்சைக் கேள்வி வந்தது. அதைச் சொல்வதற்கு முன், அந்த மருத்துவமனையில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சு மருத்துவர் நிர்மல் வயதில் இளையவர். ஒரே அளவுக் கட்டி, ஒரே சிகிச்சை. ஒருவர் பிழைக்கிறார், இன்னொருவருக்கு நோய் திரும்புகிறது. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், கரண்டு போதுமா, அறுவை வேண்டுமா என்று தொடக்கத்திலேயே முடிவெடுக்கலாம் அல்லவா? அதற்காகப் பொறியியல் கல்லூரிக்காரர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு கணினி நிரலைத் தயாரித்துக்கொண்டிருந்தார். பழைய நோயாளிகளின் ஸ்கேன் படங்களை அதற்குக் கொடுத்தார். கட்டியின் ஓரம், அதற்குள் இருக்கும் வெளுப்பு கறுப்பு வேறுபாடு என்று நம் கண்ணுக்குப் படாததையெல்லாம் அது அளக்கும். கூடவே நோயாளியின் வயது, எடை, ரத்த அளவு, புகையிலைப் பழக்கம், எத்தனை நாள் சிகிச்சைக்கு வராமல் விட்டார், எந்த ஊர் என்பதையும் கொடுத்தார்.

ஒரு பையன் பத்தாம் வகுப்பில் தேறுவானா என்று கேட்டால், விடைத்தாளை மட்டும் பார்த்து ஒரு ஆசிரியர் சொல்லுவார். வருகைப் பதிவேட்டையும், வீட்டில் அவனுக்கு விளக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர் இன்னும் சரியாகச் சொல்லுவார். நிர்மலின் நிரல் இரண்டாவது ஆசிரியர். ஆனால் அந்த ஆசிரியர் கற்றுக்கொள்ள, முந்தைய வருடங்களில் யார் தேறினார், யார் தேறவில்லை என்ற பட்டியல் வேண்டும். நோயாளிகள் விஷயத்தில் அந்தப் பட்டியல் செல்வமேரியின் அலமாரியில் இருந்தது.

நிரல் நன்றாக வேலை செய்வதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. தூரத்து ஊர்க்காரர்களுக்கும், சிகிச்சையில் நாள் தவறியவர்களுக்கும் கரண்டு நன்றாகப் பலித்திருப்பதாக அது சொன்னது. கிராமத்து உடம்பு உறுதியானது, அதனால் இருக்கலாம் என்று யாரோ விளக்கமும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று பேருந்தில் செல்வமேரி இதைச் சொல்லிச் சிரித்தார். “நாள் தவறுனவங்களுக்குத்தான் கரண்டு நல்லா வேல செய்யிதாம் சார். ஒழுங்கா போயி நீங்கதான் ஏமாந்துட்டீங்க.” பிறகு சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வராதவனுக்கு ஆப்சென்ட்னு போடுவேன்” என்றேன்.

“பூஜ்யம் போட மாட்டீங்களா?”

“பூஜ்யம்ங்கிறது வந்து எழுதி வாங்குறது. வராதவனப் பத்தி நமக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் போடணும்.”

“பாஸ்னு போட்டா?”

“யாராவது போடுவாங்களாம்மா? வேலைய விட்டுத் தூக்கிருவாங்க.”

வண்டி மாத்தூரைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “அப்ப என்னையத் தூக்கத்தான் வேணும் சார். நான் பாஸ்னு போட்டிருக்கேன்.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிசோதனைக்கு வராதவர்களின் வீடுகளுக்குப் போன் செய்து, “நல்லா இருக்காங்களா?” என்று கேட்டிருக்கிறார். “நல்லா இருக்காங்க” என்று பதில் வந்திருக்கிறது. ‘நோய் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? செத்துப்போனார் என்று போனில் முகம் தெரியாதவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? பிறகு வேலை பழகப் பழக, கேட்கும் விதத்தை அவர் மாற்றிக்கொண்டார். ஆனால் பழைய பக்கங்களைத் திரும்பப் பார்க்கவில்லை. அந்தப் பக்கங்கள்தான் இப்போது கணினிக்குப் பாடமாகப் போயிருந்தன. பரிசோதனைக்கு வராமல் நின்றவர்களில் தூரத்து ஊர்க்காரர்களும் சிகிச்சையில் நாள் தவறியவர்களும்தான் அதிகம். “நல்லா இருக்காங்கங்கிறது பதிலே இல்ல சார். அது வணக்கம் சொல்ற மாதிரி” என்றார். அவர் சொன்னவற்றில் நான் அடிக்கடி திரும்பச் சொல்வது இதுதான்.

அன்றே அவர் வாய் திறக்க ஒரு காரணம் இருந்தது. வெள்ளைச்சாமி என்று ஒருவர். ஆலங்குடியில் ஒரு மண்டியில் கடலைக்கும் தேங்காய்க்கும் ஏலம் கூறுபவர். செல்வமேரியின் அப்பா கொண்டுபோன கடலை மூட்டைகளுக்கும் அவர்தான் ஏலம் கூறியவர். அவருக்குக் குரல்வளையில் கட்டி. மூத்த மருத்துவர்கள் குரல்வளையை எடுத்துவிடலாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள். எடுத்தால் அந்தக் குரல் போய்விடும். கரண்டு வைத்தால் குரல் தங்கலாம், நோயும் தங்கிவிடலாம். நிரல் இன்னும் சோதனையில்தான் இருந்தது. ஆனாலும் அவருக்குக் கரண்டு பலிக்கும் என்று அது காட்டியது எப்படியோ குடும்பத்தின் காதுக்குப் போய்விட்டது. “கம்ப்யூட்டர்லயே நல்லாயிரும்னு வந்துருச்சாமே, பெறகு எதுக்குங்க அறுக்கணும்?” என்று அவர் மனைவி பஞ்சவர்ணம் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். முகமூடிக்கு அளவெடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் கரண்டு. நாங்கள் பேருந்தில் பேசியது வியாழக்கிழமை.

செல்வமேரி நிர்மலின் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு என்று சொன்னார். சாட்சிக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“டாக்டர், ஒங்க கணக்குல ஒரு தப்பு இருக்கு. அது ஒங்க தப்பு இல்ல. என் தப்பு.”

நிர்மல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “எத்தன பேருக்கு இப்படி எழுதியிருப்பீங்க அக்கா?”

“தெரியல டாக்டர். தெரியலன்னுதான் அப்பவே எழுதியிருக்கணும்.”

“என் ரெண்டு வருச வேலக்கா.”

“தெரியும் டாக்டர். அங்கிட்டு வார்டுல ஒருத்தரு திங்கக்கிழமைக்காக ஒக்காந்திருக்காரு.”

அந்த இளைஞரையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். அவர் கோபப்படவில்லை. மூத்த மருத்துவர்களிடம் பேசி வெள்ளைச்சாமியின் கரண்டை ஒரு வாரம் தள்ளி வைத்தார். அந்த ஒரு வாரத்துக்குள் பழைய பெயர்களையெல்லாம் திரும்ப விசாரிக்க வேண்டும். நானும் ஒரு நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு செல்வமேரி எதிரில் உட்கார்ந்தேன்.

என் முதல் அழைப்பு கீரனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு. பழக்க தோஷத்தில், “அய்யா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டேன். “நல்லா இருக்காங்க” என்றது ஒரு வயதான குரல். பேனாவை எடுத்தேன். செல்வமேரி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

“ஆத்தா, இன்னைக்குக் காலையில அய்யா என்ன சாப்பிட்டாங்க?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செல்வமேரியும் பேசவில்லை. காத்திருந்தார். நானாக இருந்தால் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தியிருப்பேன்.

“அவுக போயி மூணு வருசமாச்சு தாயி” என்றது குரல். “போன்ல எதுக்கு அதச் சொல்லிக்கிட்டுன்னு...”

இல்லாத ஒருவரை நல்லா இருக்கார் என்று சொல்லிவிட முடியும். இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று சொல்ல வாய் வராது. அந்த வாரம் முழுக்க இதைப் பார்த்தேன். ஒரு வீட்டில், “பொண்ணுக்கு மாப்பிள வீட்டுக்காரங்க வந்து ஒக்காந்திருக்காங்க, இந்த வியாதிப் பேச்சு இப்ப வேணாங்க” என்று கிசுகிசுத்து வைத்துவிட்டார்கள். செல்வமேரி மறுநாள் மறுபடி கூப்பிட்டு, முதலில் மாப்பிள்ளையைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரித்துவிட்டுத்தான் நோயாளியிடம் வந்தார். போன் எடுக்காதவர்களை விட மாட்டார். “எடுக்காதவங்கதான் சார் நமக்கு வேண்டியவங்க” என்பார்.

எல்லாமே துக்கமாக இருக்கவில்லை. போய்ச் சேர்ந்திருப்பார் என்று நாங்களே முடிவு கட்டிவிட்ட பொன்னமராவதிக்காரர் ஒருவர் தானே போனை எடுத்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கு, “நேத்துக் கோழிக் கொழம்பு. இன்னைக்கு அதே கொழம்புக்குத் தோச. ஏங்க, கொண்டாரணுமா?” என்றார். செல்வமேரி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தார். வராதவர்கள் எல்லாம் தேறியவர்களும் இல்லை, தவறியவர்களும் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருத்திய பட்டியலை நிர்மல் நிரலுக்குக் கொடுத்தார். அது பேச்சை மாற்றியது. நாள் தவறியவர்களும் எடை இழந்தவர்களும் இப்போது நோய் திரும்பும் பக்கம் போனார்கள். ஸ்கேனில் கட்டி குரல்வளையின் குருத்தெலும்பைத் தொடுவது போலத் தெரிந்தவர்களில், கரண்டு மட்டும் வைத்துக்கொண்ட பலருக்கு நோய் திரும்பியிருந்தது. வெள்ளைச்சாமியின் ஸ்கேனும் அப்படித்தான். அவர் எடையும் குறைந்திருந்தது. கணினிமீது குற்றம் இல்லை. நாம் பாஸ் என்று எழுதிக் கொடுத்ததை அது பாஸ் என்று நம்பியது.

மருத்துவர்கள் விளக்கிச் சொன்ன பிறகு வெள்ளைச்சாமி செல்வமேரியை வரச் சொன்னார். நானும் நின்றிருந்தேன்.

“கொரலு போனா மண்டியில நான் தராசு மாதிரி சும்மா நிக்கவா? நீ சொல்லாம இருந்திருக்கலாம்ல தாயி.”

“இருந்திருக்கலாம்ணே. பெறகு ஒங்க வீட்டுக்குப் போன் போட்டு, அண்ணன் என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.”

இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு அறுவைக்குச் சம்மதித்தார்.

அறுவைக்கு முந்தைய நாள் மாலை வார்டே கூடிவிட்டது. அவருக்குச் செய்த முகமூடி இனி அவருக்கு உதவாது. அதைக் கையில் தூக்கிப் பிடித்து, கட்டிலில் உட்கார்ந்தபடி ஏலம் கூற ஆரம்பித்தார். “வலை மூஞ்சி ஒண்ணு! பூசாத மூஞ்சி, போடாத மூஞ்சி! கோவிக்காது, குத்தம் சொல்லாது! யாரு கேக்குறா?” குரல் கரகரத்தது, ஆனாலும் வராந்தா கடைசிவரை கேட்டது. எதிர்க் கட்டில்காரர் ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குக் கேட்டார். நர்ஸ் ஒருவர் இரண்டு ஊசியைக் குறைத்துப் போடுவதாகச் சொன்னார். செல்வமேரி, “ஒங்க வீட்டுக்கு வந்து ஒரு நேரம் சாப்பிடுறேன்” என்றார். “சாப்பிட வாரதுக்கே ஏலமா? சரி, ஒரு தரம்... ரெண்டு தரம்...” பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மூணு தரம்!” அந்தக் குரலில் அவர் கூறிய கடைசி ஏலம் அது.

ஏழெட்டு மாதம் கழித்து செல்வமேரியும் நானும் ஆலங்குடிக்குப் போய் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். மூச்சுக்காக அறுவையில் கழுத்தில் வைத்த துளையை விரலால் மூடிக்கொண்டு பேச வெள்ளைச்சாமி பழகியிருந்தார். காற்றும் கரகரப்பும் கலந்த பேச்சு. மண்டியில் ஏலத்தை இப்போது அவர் மகள் கூறுகிறாள். கடலையை உடைத்துப் பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. “இன்னங் கொஞ்சம் வையி” என்று மனைவியிடம் எங்கள் இலையைக் காட்டி இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறைதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும் பேருந்தில், “ஒரு உயிரக் காப்பாத்திட்டீங்கம்மா” என்றேன். செல்வமேரிக்கு முகம் மாறியது. “அப்படிச் சொல்லாதீங்க சார். கரண்டு வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும்? அவரு இருக்காரு. அவரு கொரலு இல்ல. எழுதுனா ரெண்டையும் சேத்து எழுதுங்க.” அவர் சொன்னபடியே இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அடக்கத்துக்கு வெள்ளைச்சாமியும் பஞ்சவர்ணமும் வந்திருந்தார்கள். நிர்மல் வந்திருந்தார். எனக்கும் நிர்மலுக்கும் யாரென்று தெரியாத பலரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தெனமும் எங்க அம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்க வேற யாருங்க இருக்கா?” என்று என்னிடமே கேட்டார்.

என் பணிக்காலத்தில் கரும்பலகையில் ஆயிரக்கணக்கான விடைகளை எழுதியிருக்கிறேன். தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதக் கை கூசக்கூடாது என்பதை அறுபது வயதுக்கு மேல், என்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் கற்றேன். எழுதிய பிறகு அதை அப்படியே விட்டுவிடக்கூடாது, தேடிப் போக வேண்டும் என்பதையும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த இரண்டையும்தான். அவர் இருக்கையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வாரத்தில் இரண்டு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிகிச்சை முடிந்து, பிறகு பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிட்ட யாராவது ஒருவருடைய மருத்துவமனைக் கோப்பு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். இன்று அதை வெளியே எடுங்கள். அட்டையின் மேல் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, கோப்பு எண்ணைச் சொல்லி, அவர் இருக்கிறாரா, இல்லையா, இல்லையென்றால் எப்போது போனார் என்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள்.